பேய் பிடிக்கும் படமெல்லாம் ஏன் ஒரே அச்சில் இருக்கின்றன? வியாசர்பாடியில் படம் எடுக்கப்போகும் தம்பிக்கு

வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் நடக்கிற மாதிரி அரை மணி நேரப் பேய்ப்படம் ஒன்றை எழுதிக்கொண்டிருப்பதாகத் தம்பி ஒருவர் சொன்னார். கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்குப் பேய் பிடிக்கிறது, வீட்டார் ஓட்டப் பார்க்கிறார்கள் என்பது கதை. "எழுத எழுத நான் பார்த்த படங்களே வந்து நிக்குதுண்ணா. கட்டில் ஆடுது, கழுத்து திரும்புது, கடைசியில ஒரு சாமியார் வந்து மந்திரம் சொல்றாரு. ஏன் எல்லாப் படமும் ஒரே அச்சுல இருக்கு? இதுலேர்ந்து எப்படி வெளிய வர்றது?" என்று கேட்டார். நான் வண்ணாரப்பேட்டைக்காரன், சினிமாவில் ஒலி வேலை பார்க்கிறவன். இந்த வகைப் படங்களை விரும்பிப் பார்க்கிறவனும்கூட. எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

இந்தப் படங்களுக்கெல்லாம் தாய் என்று ஒரு படம் உண்டு, 'தி எக்ஸார்சிஸ்ட்'. அந்தப் படத்துக்கும் தாய் உண்டு, அது ஒரு சடங்கு நூல். கத்தோலிக்கத் திருச்சபை 1614இல் வெளியிட்ட அந்த நூலில் பேயோட்டுவதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. ஒருவரைப் பிடித்திருப்பது பேய்தான் என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? தெரியாத மொழியில் பேசுவது, தூரத்தில் நடப்பதையும் மறைவாக இருப்பதையும் சொல்வது, வயதுக்கும் உடம்புக்கும் மீறின பலத்தைக் காட்டுவது என்று அடையாளங்களைச் சொல்கிறது. பேயிடம் குருவானவர் என்ன கேட்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது: உன் பெயர் என்ன, எத்தனை பேர் இருக்கிறீர்கள், எப்போது நுழைந்தீர்கள், எதற்காக நுழைந்தீர்கள்.

இதைப் படிக்கும்போதே உங்களுக்குப் பல காட்சிகள் ஓடியிருக்கும். சின்னப் பெண் திடீரென்று லத்தீன் பேசுவது முதல் அடையாளம். வந்திருக்கும் ஃபாதரின் செத்துப்போன அம்மாவைப் பற்றிப் பேய் பேசுவது இரண்டாவது. நாலு ஆம்பளைகள் அமுக்கியும் அடங்காத சிறுமி மூன்றாவது. "பெயரைச் சொல்!" என்று கடைசியில் கத்துவது அந்தக் கேள்வி வரிசையிலிருந்து வந்தது. ஒரு பழைய சடங்குக் குறிப்பையே திரைக்கதையாக வைத்துக்கொண்டிருக்கிறோம். சடங்கு என்றாலே வரிசை மாறாமல் செய்வதுதான். அதனால் அச்சில் வார்த்த படம் என்பதற்காக மட்டும் ஒரு படத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் அந்த நூல் குருவானவருக்கு முதலில் சொல்வது வேறு. ஒருவரைப் பேய் பிடித்திருக்கிறது என்று சுலபமாக நம்பிவிடாதே, நோயாளியையும் பேய் பிடித்தவரையும் பிரித்துப் பார் என்கிறது. மறைமாவட்ட ஆயரின் அனுமதி இல்லாமல் யாரும் இந்தச் சடங்கைச் செய்யக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம். 1999இல் வந்த திருத்தப் பதிப்பு, தேவைப்பட்டால் மருத்துவர்களையும் மனநல மருத்துவர்களையும் கலந்துகொள்ளச் சொல்கிறது. சந்தேகப்படு, விசாரி, அப்புறம் செய் என்பதுதான் ஒழுங்கு. நகல் படங்கள் இதில் கடைசிப் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டன. சந்தேகமும் விசாரணையும் போய்விட்டன. இந்தப் படங்கள் சலிப்பூட்ட முக்கியமான காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். மேற்கொண்டு சொல்லப்போவதெல்லாம் இதைச் சுற்றித்தான் வரும்.

தாய்ப்படத்தைப் பாருங்கள். 1949இல் அமெரிக்காவின் மேரிலாந்துப் பக்கம் ஒரு சிறுவனுக்குப் பேயோட்டியதாக வாஷிங்டன் போஸ்ட் செய்தி போட்டது. அப்போது கல்லூரி மாணவராக இருந்த வில்லியம் பீட்டர் பிளாட்டி அதைப் படித்தார். 1971இல் நாவலாக எழுதினார். 1973 டிசம்பரில் வில்லியம் ஃப்ரீட்கின் இயக்கத்தில் 'தி எக்ஸார்சிஸ்ட்' வந்தது. பத்து ஆஸ்கர் பரிந்துரைகள், அதில் திரைக்கதைக்கும் ஒலிக்கும் விருது. கழுத்து முழுச்சுற்று சுற்றுவதும் பச்சை வாந்தியும்தான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் மூத்த குருவானவர் அந்த வீட்டு வாசலில் வந்து நிற்பது படத்தின் கடைசிப் பகுதியில்தான். அதுவரைக்கும் ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு டாக்டர் டாக்டராக அலைகிறாள். கழுத்தில் ஊசி ஏற்றி மூளையின் ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் பரிசோதனை ஒன்று வருகிறது. அதில் பேயும் இல்லை, இருட்டும் இல்லை. வெள்ளை வெளிச்சம், இயந்திரம் தடதடக்கும் சத்தம், அசையாமல் படுத்திருக்கும் பிள்ளை. படத்திலேயே தாங்கிப் பார்க்க முடியாத காட்சி அதுதான் என்று பலர் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஃப்ரீட்கின் ஆவணப்படம் எடுத்துப் பழகியவர். அந்தக் காட்சியை ஆஸ்பத்திரியில் நடப்பதை அப்படியே பார்ப்பதுபோல எடுத்திருக்கிறார்.

அதற்கப்புறம்தான் பேயோட்டும் அந்தச் சிறுமியின் அறை. மூச்சு புகையாகத் தெரியவேண்டும் என்பதற்காக அறையின் செட்டையே குளிர்பதனப் பெட்டி மாதிரி ஆக்கினார்கள். பேயின் குரல் அந்தச் சிறுமி லிண்டா பிளேருடையது அல்ல, மெர்சிடஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்ற அனுபவமிக்க நடிகையுடையது. பச்சை முட்டையை விழுங்கி, சிகரெட் பிடித்து, தொண்டையைக் கெடுத்துக்கொண்டு அந்தக் குரலைக் கொண்டுவந்தார். பின்னால் வந்தவர்கள் குளிரையும் குரலையும் எடுத்துக்கொண்டார்கள். அம்மாவின் அலைச்சலை விட்டுவிட்டார்கள். அலைச்சலைப் படமாக்க நல்ல எழுத்து வேண்டும், குளிருக்குக் கிராஃபிக்ஸ் இருந்தால் போதும்.

பணக்கணக்கும் ஒரு காரணம், அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு வீடு, அஞ்சாறு நடிகர்கள், பெரிய நட்சத்திரம் வேண்டாம். போட்ட காசு சீக்கிரம் திரும்பும். 'ஏ' சான்றிதழ் வாங்கினால் குழந்தைகளோடு குடும்பம் வராது, மறுதணிக்கை செய்யாமல் டிவியிலும் போட முடியாது. அதனால் தமிழில் பேயோடு காமெடியைக் கலந்தார்கள். தப்பு என்று சொல்லமாட்டேன். தண்டையார்பேட்டை அகஸ்தியாவில் பேய்ப்படத்துக்கு ஒரே வரிசையில் பாட்டியும் பேரனும் கத்திக்கொண்டே சிரித்ததை அந்தப் பக்கத்து ஜனங்கள் இன்னும் சொல்வார்கள். 2020இல் மூடிவிட்டார்கள் அந்தத் தியேட்டரை.

நம் ஊருக்கும் தனி அச்சு உண்டு, அது வெளிநாட்டு அச்சு அல்ல. அங்கே வரும் சாத்தானுக்கு ஊர் பேர் கிடையாது, வழக்கு கிடையாது. கெடுதல் செய்வதுதான் அதன் வேலை. நம் பேய் செத்துப்போன மனுஷன், அல்லது மனுஷி. காலம் முடியாமல் செத்தவர், ஏமாற்றப்பட்டவர், கொல்லப்பட்டவர். அதனால்தான் நம் படங்களில் இடைவேளைக்குப் பிறகு ஃபிளாஷ்பேக் கட்டாயம் வரும். 2011இல் வந்த 'காஞ்சனா'வில் சரத்குமார் ஏற்ற திருநங்கைப் பாத்திரம் நிலத்துக்காகக் கொல்லப்பட்டது. பேய் வருவது நியாயம் கேட்க. போலீஸ் ஸ்டேஷனில் எடுக்காத புகாரை அது எடுத்துக்கொண்டு வருகிறது. ஜனங்கள் கைதட்டியது பயத்துக்கா நியாயத்துக்கா என்று கேட்டால், நியாயத்துக்குத்தான் என்பேன். மலையாளத்தில் 1993இல் வந்த 'மணிச்சித்திரத்தாழ்', தமிழில் 2005இல் 'சந்திரமுகி' ஆனது. அது இன்னொரு வழியைக் காட்டியது. அதில் மனநல மருத்துவர்தான் நாயகன். ஆனால் அவர் மந்திரவாதியை விரட்டவில்லை, அவரோடு கைகோர்க்கிறார். பாதிக்கப்பட்ட பெண்ணுக்குள் இருக்கும் கதையை அதன் போக்கிலேயே முடித்து வைத்தால்தான் அவள் திரும்பி வருவாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மூலத்தில் அந்தப் பெண்ணாக நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. அந்தப் பாத்திரத்துக்குள் ஒரு ஆள் இருந்ததால்தான் அது முடிந்தது.

இந்த நல்ல அச்சும் தேய்ந்துவிட்டது. ஃபிளாஷ்பேக் இருக்கிறது, நியாயம் இருக்கிறது, பிடிபட்ட பெண் மட்டும் காணோம். பேய்க்கு அரை மணி நேரக் கதை உண்டு, அவளுக்கு ஒன்றும் கிடையாது. பேய் இறங்குவதற்கு முன்னால் அவள் யார், எதற்குச் சிரிப்பாள், எதைச் சொல்ல வந்து வாயை மூடிக்கொள்வாள் என்று எதுவும் நமக்குத் தெரியாது. அப்புறம் அவள் குரல் மாறினால் மட்டும் நமக்கு எப்படி அடிவயிறு கலங்கும்?

இப்போது நம் தெருவுக்கு வருகிறேன். உங்களுக்குக் கைகொடுக்கக்கூடியதெல்லாம் இங்கேதான் இருக்கிறது.

வெளிநாட்டுப் படங்களில் ராத்திரி மூணு மணி என்றால் பேய் நேரம். ஏசு உயிர்விட்டது பகல் மூணு மணி, அதைத் தலைகீழாக்கிய நேரம் அது என்பது அவர்கள் நம்பிக்கை. நம் பாட்டிகள் பயந்தது உச்சி வேளைக்கு. "உச்சி வெயில்ல தலைய விரிச்சுப் போட்டுகினு போகாத." கறிக்குழம்பு எடுத்துக்கொண்டு ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போனால் தூக்குக்கு மேலே ஒரு கரித்துண்டு. சுடுகாட்டுப் பக்கம் போய்வந்தால் வாசலிலேயே கால் கழுவு. வடசென்னையில் மத்தியானம் பன்னிரண்டரைக்குத் தெரு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆம்பளைகள் வேலைக்குப் போயிருப்பார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், மாடிப்படியில் ஒருத்தரும் இருக்கமாட்டார்கள், மொட்டை மாடித் தரை சுடும். உங்கள் படத்தில் பேய் அந்த நேரத்தில் பிடிக்கட்டும். வெயிலில் பயம் காட்ட முடிந்தால் பழைய அச்சின் பாதியை அங்கேயே கழற்றிவிட்டீர்கள். செலவும் குறைவு, லைட் வாடகை மிச்சம்.

அடுத்தது வீடு. அச்சுப்படத்துக்குப் பங்களா வேண்டும். அங்கே குடும்பம் தனியாக இருக்கும், கத்தினால் யாருக்கும் கேட்காது. ஹவுசிங் போர்டில் எல்லாருக்கும் கேட்கும். ஒரு அறை, ஒரு சமையல் மூலை, பக்கத்து வீட்டு டிவி இந்தப் பக்கச் சுவரில் பேசும். அங்கே ஒரு பெண் ராத்திரி குரல் மாறிப் பேசினால் அம்மாவுக்கு முதலில் வரும் பயம் பேயைப் பற்றி இருக்காது. "பக்கத்துல கேட்டுடப் போவுது, வாய மூடு" என்பதுதான் முதல் பயம். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் கல்யாணம் நிற்கும். நிச்சயத்துக்கு வாங்கின கடன் நிற்காது. அந்த அம்மா மகளின் வாயில் துணியை வைத்து அழுத்துவதைக் காட்டுங்கள். எந்தக் கிராஃபிக்ஸும் அதற்குப் பக்கத்தில் வரமுடியாது. ஆளில்லாத இடத்தில் வரும் பயம் எல்லாப் படத்திலும் இருக்கிறது. ஆள் நிறைந்த இடத்தில் வருவதை யாரும் சரியாக எடுக்கவில்லை.

அடுத்தது அலைச்சல். படத்தில் ஒரு ஃபாதர், ஒரு மந்திரவாதி என்று யாராவது ஒருத்தர் வந்து முடித்துவிடுவார். இங்கே அப்படி நடப்பதில்லை. பிள்ளை பயந்துபோயிருக்கிறாள் என்றால் முதலில் வீட்டிலேயே மிளகாயும் உப்பும் சுத்திப்போடுவார்கள். அப்புறம் சாயங்காலத் தொழுகை முடியும் நேரத்துக்கு மசூதி வாசலில் போய் நிற்பார்கள், தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஓதி ஊதிவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை பாரிமுனை அரண்மனைக்காரத் தெருவில் அந்தோணியார் கோயில், அங்கே எல்லா மதத்து ஜனங்களும் மெழுகுவத்தியோடு நிற்பார்கள். ஆடி மாசமானால் பெரியபாளையத்துக்கு வேப்பிலை கட்டிக்கொண்டு போவார்கள். ஜெபக் கூட்டத்துக்குக் கூப்பிட ஒரு அக்கா வருவாள். நடுவில் ஒருநாள் ஸ்டான்லியில் ஓ.பி. சீட்டு. ஒரு குடும்பம் இத்தனை வாசலிலும் நிற்கிறது, ஒன்றை ஒன்று வெட்டுகிறது என்ற நினைப்பே அவர்களுக்கு இல்லை. இந்த அலைச்சலை வரிசையாக எடுத்தாலே உங்கள் படத்தின் நடுப்பகுதி தயார். தாய்ப்படத்தில் அந்த அம்மா டாக்டர்களிடம் அலைந்ததற்கு வடசென்னையில் இருக்கும் ஜோடி இதுதான்.

இன்னொன்றை எந்த இறக்குமதிப் படத்திலும் பார்க்க முடியாது. நம்மிடம் உடம்பு ஆட ஆரம்பித்தால் வந்திருப்பது சாமியா பேயா என்று முதலில் யாருக்கும் தெரியாது. மாசி அமாவாசையை ஒட்டி அங்காளம்மன் கோயில்களிலிருந்து மயானக் கொள்ளை கிளம்பும்போது பார்த்திருப்பீர்கள். பம்பை அடிக்கிற அடியில் கூட்டத்தில் நிற்கிற ஒரு பெண்ணுக்குக் கண் மேலே சொருகும், பல்லைக் கடிப்பாள், முடி அவிழும். சாமி என்றால் காலில் விழவேண்டும், கற்பூரம் காட்டவேண்டும். பேய் என்றால் முடியைப் பிடித்து உட்காரவைக்க வேண்டும். அடையாளம் இரண்டுக்கும் ஒன்றுதான். அதனால்தான் பக்கத்தில் இருக்கும் பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே, "யாரு வந்திருக்கிறது?" என்று கேட்பார். பதில் வருவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் சுற்றி நிற்பவர்கள் முகத்தைப் பாருங்கள். உங்கள் படத்துக்கு ஒரே ஒரு காட்சிதான் கொடுக்கலாம் என்றால் இதைத்தான் கொடுப்பேன்.

பேய் என்று முடிவானபிறகும் நம் முறை "வெளியே போ" என்ற கட்டளையோடு தொடங்குவதில்லை, பேச்சோடுதான் தொடங்குகிறது. உடுக்கையும் பம்பையும் அடித்துப் பாடி வரவழைப்பார்கள். நீ யார், எந்த ஊர், எப்படிச் செத்தாய், இவளை எங்கே பிடித்தாய், என்ன வேண்டும்? பேய் மழுப்பும், பொய் சொல்லும், பேரம் பேசும். 1990களின் தொடக்கத்தில் தென்னாற்காட்டுப் பக்கம் இந்தச் சடங்குகளை ஆராய்ந்த மானிடவியலாளர் இசபெல் நபோகோவ், பிடிபடுகிறவர்களில் பலர் புதிதாகக் கல்யாணமான பெண்கள் என்று எழுதினார். பிடிக்கும் பேய்கள் பெரும்பாலும் காதல் தோற்றுச் செத்துப்போன இளைஞர்கள். கடைசியில் அந்தப் பெண் தலையில் கல்லைச் சுமந்துகொண்டு ஓடுவாள், புளியமரத்தடியில் போடுவாள், அவள் முடியில் ஒரு கற்றையை அறுத்து மரத்தில் ஆணியடிப்பார்கள். பேயை விரட்டிப் பெண்ணைத் திரும்பப் புருஷனிடம் ஒப்படைக்கும் சடங்கு அது என்பது அவர் வாதம். நீங்கள் நிச்சயமான பெண்ணை வைத்துக் கதை எழுதுகிறீர்கள், ஆகவே இதை நன்றாக யோசியுங்கள். சடங்கு முடிந்ததும் எல்லாரும் நிம்மதியாகிறார்கள். அவளுக்கும் நிம்மதிதானா?

இதைச் சொன்னதும், "அப்ப அவளுக்குக் கல்யாணத்துல இஷ்டமில்ல, அதான் பேய்" என்று முடிச்சை அவிழ்த்துவிடாதீர்கள். அது இன்னொரு அச்சு. பேயை நம்புகிறவர்களுக்கும் நம்பாதவர்களுக்கும் ஒரே படம் கடைசிவரை போகவேண்டும். வேறு எங்கும் சொல்ல முடியாத ஒன்றை அந்தப் பெண் இந்த வாயால் சொல்கிறாள். அதைப் பேய் சொன்னதா அவள் சொன்னாளா என்பதை வீட்டார் தீர்மானிக்கட்டும், ஆளுக்கொரு மாதிரி தீர்மானிக்கட்டும். தம்பி நம்பமாட்டான், பாட்டி நம்புவாள். அப்பா அப்போதைக்கு எது சௌகரியமோ அதை நம்புவார்.

சிரிக்காமல் சொல்லவேண்டிய ஒன்று. இந்தப் படங்கள் ஒரு கெட்ட பழக்கத்தையும் விதைக்கின்றன. அடித்தால் பேய் போகும், கட்டிவைத்தால் அடங்கும் என்று காட்டுகின்றன. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் செத்தார்கள், மொத்தம் 28 பேர். அதற்கப்புறம் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் யாரையும் எந்த வகையிலும் சங்கிலியில் கட்டக்கூடாது என்று தெளிவாகவே சொன்னது. 2007இல் டால்மாவ் என்ற நரம்பியல் மருத்துவரின் குழு ஒரு மூளை அழற்சி நோயை விவரித்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும். அதிகம் வருவது இளம்பெண்களுக்கு. சில நாளிலேயே பேச்சு மாறும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், வாய் கோணும், உடம்பு முறுக்கும், அப்புறம் நினைவு தப்பும். சிலருக்கு சினைப்பைக் கட்டி காரணமாக இருக்கும். கண்டுபிடித்து வைத்தியம் செய்தால் பெரும்பாலானோர் தேறிவிடுகிறார்கள். நம் படங்களில் பார்த்த பேயின் அடையாளம் பலவும் அதில் இருக்கிறது. அந்தப் பிள்ளையை வேப்பிலையால் அடித்துக்கொண்டிருந்தால் நாள் போய்விடும். பக்கத்திலேயே ஸ்டான்லி இருக்கிறது, 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை அயனாவரம் பக்கம் இருக்கிறது, 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம். உங்கள் படத்தில் டாக்டரை ஒன்றும் தெரியாத கோமாளியாகக் காட்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அடிக்கிற காட்சி தேவைப்பட்டால் வைக்கலாம். அது வைத்தியமாகத் தெரியக்கூடாது, வலியாகத் தெரியவேண்டும்.

இனி என் தொழில். பயம் காட்ட எல்லோரும் ஒரே வித்தையைத்தான் செய்கிறார்கள். பின்னணிச் சத்தத்தை மெல்ல இறக்கி, முழு அமைதி கொடுத்து, திடீரென்று ஒரு அடி. மனுஷ உடம்பு பெருஞ்சத்தத்துக்குக் கண்ணை மூடித் திடுக்கிடும். மூளை அர்த்தம் புரிந்துகொள்வதற்கு முன்னாலேயே அது நடந்துவிடும். கதவு சாத்தினாலும் நடக்கும், அதற்குப் பேய் தேவையில்லை. திரும்பத் திரும்பக் கொடுத்தால் உடம்பு பழகிவிடும், ஒவ்வொரு முறையும் துள்ளல் குறையும். அதனால் அடுத்த அடியை இன்னும் சத்தமாக வைக்கிறார்கள். இப்போதெல்லாம் சத்தம் இறங்கும்போதே ஜனங்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள், அமைதியே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

வியாசர்பாடியில் அமைதி என்பதே கிடையாது, அது உங்களுக்கு வரம். பேசின் பிரிட்ஜ் யார்டில் பெட்டி கோர்க்கும் சத்தம், ஜீவா ஸ்டேஷனைத் தாண்டிப் போகும் ரயில், விடியற்காலையில் தண்ணி வரும்போது அடிபம்பு முனகுவது, ஆடியில் ஸ்பீக்கர் கட்டின அம்மன் பாட்டு. இதையெல்லாம் எடுத்தெறிந்துவிட்டு ஸ்டுடியோ அமைதியை ஒட்டாதீர்கள். படம் முழுக்க ஓடவிடுங்கள். பேய் வரும் இடத்தில் இதில் ஒன்றே ஒன்றை, பக்கத்து வீட்டு டிவியையோ ஃபேன் சத்தத்தையோ மட்டும், மெல்ல எடுத்துவிடுங்கள். பார்ப்பவருக்கு என்ன போனது என்று தெரியாது, எதுவோ சரியில்லை என்று மட்டும் படும். அவள் குரலையும் கம்ப்யூட்டரில் கீழே இறக்காதீர்கள், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். நடிக்கும் பெண்ணையே அவள் பாட்டியின் பேச்சு வழக்கில் பேசச் சொல்லுங்கள், அல்லது அந்த மாடிப்படியில் எல்லோருக்கும் தெரிந்த, செத்துப்போன ஒரு பையனின் பேச்சு வழக்கில். அவன் எப்போதும் சொல்லும் ஒரு சொல்லை அவள் சொன்னாலே போதும், கீழ்வீட்டில் இருக்கும் அவன் அம்மா வாசலுக்கு வந்து நிற்பாள். மறைந்திருப்பதைச் சொல்வது என்ற பழைய அடையாளம்தான் இதுவும், ஆனால் இந்த வீட்டுக்கென்றே ஆகிவிட்டது.

சாவு நடந்த வீட்டின் முன்னால் விடியவிடியப் பாடும் மரண கானாவை விட்டுவிடாதீர்கள். செத்தவன் பெயர், தெரு, கூட்டாளிகள், அவன் எப்படி வாழ்ந்தான் என்று எல்லாம் அதில் வரும். பேயிடம் சடங்கு கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் அந்தப் பாட்டு முன்கூட்டியே பதில் சொல்லி வைத்திருக்கும். படத்தின் தொடக்கத்தில் தூரத்தில் அந்தப் பாட்டு ஒன்று கேட்கட்டும். அந்தக் குடும்பம் அதைக் கேட்டும் கேட்காமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கட்டும். பின்னால் அவள் வாயிலிருந்து அதன் வரி ஒன்று வந்தால் ஃபிளாஷ்பேக் எடுக்கும் செலவே மிச்சம். பாட்டை மட்டும் இருக்கிற பாட்டிலிருந்து எடுக்காமல், பாடுகிற அண்ணன் ஒருவரை உட்காரவைத்துக் கதைக்கென்று புதிதாகக் கட்டச் சொல்லுங்கள். அதற்கு உரிய பணத்தையும் கொடுங்கள்.

சடங்குக் காட்சிக்கும் அதேதான். பம்பைக்காரரை நடிகராக்கி வசனம் கொடுக்காதீர்கள். அவர் கேட்கிற கேள்விகளை அவர் முறையிலேயே கேட்கட்டும், உங்கள் நடிகை மட்டும் பதிலைத் தயாராக வைத்திருக்கட்டும். இரண்டு கேமரா கிடைத்தால் ஒன்றை அவள்மேல் வைக்காமல் அம்மாமேல் வையுங்கள். பம்பைக்குப் பக்கத்தில் மைக்கை வைத்தால் மற்றதெல்லாம் அடிபட்டுப்போகும். மைக்கை வாசல்படியில் வையுங்கள், நடிகைக்குத் தனியாகக் காலர் மைக் போடுங்கள். கழுத்தைச் சுழற்றி ஆடும் காட்சியை ஒரு நாளில் நிறைய டேக் எடுக்காதீர்கள், நரம்பு பிடித்துக்கொள்ளும். ஆடுவதற்கு முன்னால் கீழ்வீட்டுக்காரர்களிடம் இது படம் என்று சொல்லிவிடுங்கள், அடிக்கிற அடியில் அவர்களில் யாருக்காவது நிஜமாகவே சாமி வந்துவிடும். வந்தால் கேமராவை நிறுத்திவிட்டுத் தண்ணியும் கற்பூரமும் கொண்டுபோய்க் கொடுங்கள், அதைப் படம் பிடிக்காதீர்கள். திரைக்கதையின் நடுப்பகுதியை, அந்த அலைச்சலை, எழுதி முடித்ததும் அனுப்புங்கள், படித்துவிட்டு ஒலியைப் பற்றி மறுபடி பேசலாம்.